போட்டோக்காரர் நேராக்கிய சிரிப்பு

போட்டோக்காரர் கையில் முகத்தைக் கொடுத்தவர் யாரும் அழகில்லாமல் திரும்பிப் போனதில்லை. பரு இருந்தால் கம்ப்யூட்டரில் துடைப்பார், ஒரு காது தூக்கலாக இருந்தால் இறக்குவார். "கடவுள் அவசரத்துல விட்டதை நாம நிதானமா முடிக்கிறோம்" என்று ஜம்பம் வேறு.

அவருக்கு ஒரே மகள், சரியான வாயாடி. ரத்தப் புற்றுநோய் வந்து, மருந்தில் வாடி வதங்கி, "ரத்தத்துல இப்ப ஒண்ணுமில்ல" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முடியும் முளைத்தது. கல்லூரியில் சேரப் படம் வேண்டுமென்று அவரே எடுத்தார்.

படத்தில் வாயின் இடது ஓரம் சற்றுத் தொங்கியது. "வாயாடிக்கு ஒழுங்கா சிரிக்கக்கூடத் தெரியல பாரு" என்று கேலி பேசிக்கொண்டே வலது ஓரத்தை நகலெடுத்து இடப்பக்கம் ஒட்டினார். பாழாய்ப்போன கைப்பழக்கம்!

அந்த மாதக் கடைசியில் மகளுக்குத் தலைவலி வந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள்.

"மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணியில நோய் ஒளிஞ்சிருக்கு. அங்க மருந்து சுலபமாப் போகாது" என்றார் டாக்டரம்மா. "வாய் எப்பலேர்ந்து கோணியிருக்கு?"

"இன்னிக்குக் காலையிலதாங்க" என்றாள் மனைவி.

போட்டோக்காரர் தான் நேராக்கிய படத்தைப் பற்றிச் சொன்னார். "அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா?"

"கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். உறுதியாச் சொல்ல முடியாது."

மனைவி திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டாள்.

முதுகில் மருந்து ஏற்றினார்கள், தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். குறைவதுபோல் குறைந்து மறுபடி ஏறியது. "இனிமே வலி இல்லாம மட்டும் பார்த்துக்கலாம்" என்று டாக்டரம்மா கையை விரித்தார்.

இடது இமை இப்போது தானாக மூடுவதில்லை. திறந்தே கிடந்தால் கண் காய்ந்து புண்ணாகும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். சொட்டு மருந்து விட்டு, இமையை விரலால் இறக்கி, டேப் ஒட்ட வேண்டும்.

சாப்பிட்டுப் படுத்த மகள் கூப்பிட்டாள். "அம்மாவுக்குக் கை நடுங்குதுப்பா. நீங்களே மூடிவிடுங்க."

சொட்டு விட்டார். "எரியுதாம்மா?"

"இல்லப்பா. மூடுங்க, தூக்கம் வருது."

என்றோ ஒருநாள் அவர் மூச்சு நின்றதும் இவள் அவருக்குச் செய்ய வேண்டியதை, மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் இவளுக்கு அவர் செய்தார்.