எட்டாம் வகுப்பில் தினம் ஒரு பொய்

என் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவுல இருக்கறது சுவர் இல்ல, பலகை. அதுவும் கூரை வரைக்கும் போகாது, ரெண்டு முழம் கீழேயே நின்னுடும். அந்தப் பக்கம் யாராவது தும்மினா இந்தப் பக்கம் என் பிள்ளைங்க திரும்பிப் பார்ப்பாங்க. நான் இலக்கணம் நடத்துறவன். இலக்கணத்துக்கு அமைதி வேணும். எனக்கு வாய்ச்சதோ, ஒன்பது வருஷமா அந்தப் பக்கம் அறிவியல் நடத்துற ஒரு அம்மா. பிள்ளைங்க அவங்களுக்கு வெச்சிருக்கற பேரு பொய் டீச்சர்.

வந்த புதுசுல அவங்களும் எல்லாரையும் மாதிரி நோட்ஸ்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவங்க சொல்ல, பிள்ளைங்க எழுத, மின்விசிறி சுத்த, பீரியடு போயிடும். ஒரு நாள் மத்தியானம் வாய் தவறி "மனுஷனுக்கு மூணு சிறுநீரகம்"னு சொல்லிட்டாங்க. ஒரு தலையும் நிமிரல. சாயந்தரம் நோட்டு திருத்த உக்காந்தா, நாப்பத்திரெண்டு நோட்டுலயும் மூணு சிறுநீரகம். ஒரு பொண்ணு படமே போட்டு, மூணாவதுக்குப் பச்சைக் கலர் வேற அடிச்சிருந்தா. அன்னிக்கு ஆசிரியர் அறையில டீச்சர் அந்த நோட்டை மடியில வெச்சுக்கிட்டு அழுதாங்க. "நோட்டை யாரு டீச்சர் இவ்வளவு கவனமா படிக்கச் சொன்னது?"ன்னு கேட்டேன். ஆறுதலாத்தான் கேட்டேன். அவங்க முறைச்சாங்க.

மறுநாள் பலகைக்கு மேலே அவங்க குரல் கேட்டுச்சு. "இனிமே தினமும் பாடத்துல ஒரே ஒரு பொய் சொல்லுவேன். மணி அடிக்கறதுக்குள்ள கண்டுபிடிக்கணும். சும்மா பொய்யுன்னு கத்தினா ஒத்துக்க மாட்டேன், ஆதாரம் காட்டணும்."

அவ்வளவுதான், என் நிம்மதி போச்சு. அதுவரைக்கும் தூங்கிக்கிட்டிருந்த வகுப்பு, டீச்சர் வாயைத் திறந்தாலே சந்தேகப்பட ஆரம்பிச்சுது. பக்கம் புரட்டுற சத்தம், பெஞ்சு நகர்ற சத்தம், "இருங்க டீச்சர், பார்த்துட்டுச் சொல்றேன்" சத்தம். பொய் பிடிபட்டா அதைக் கரும்பலகை மூலையில எழுதுவாங்க. பிடிச்ச பிள்ளை வந்து சிவப்புச் சாக்பீஸால கோடு இழுத்து அடிக்கணும். அந்தச் சாக்பீஸ் துண்டு அந்தப் பிள்ளைக்கே. அதைவிடப் பெரிய பரிசு, மறுநாள் பொய்யை அந்தப் பிள்ளைதான் தயாரிக்கணும். காலையில ஆசிரியர் அறைக்கு வந்து டீச்சர் காதுல ரகசியமா சொல்லும். பாதிப் பொய்யை டீச்சர் திருப்பி அனுப்பிடுவாங்க. "இது ரொம்ப லேசா இருக்கு, அடுத்த பக்கத்தையும் படிச்சுட்டு நல்ல பொய்யா கொண்டா." பொய் சொல்லணும்னா பாடம் தெரிஞ்சிருக்கணுமே, அதனால பொல்லாத பயலுங்க எல்லாம் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சானுங்க.

இதுல என் பிள்ளைங்களும் கெட்டுப் போச்சுங்க. ஒரு நாள் வினைத்தொகைக்கு உதாரணம் கேட்டேன். கடைசி பெஞ்சு குண்டன் எழுந்து, "வௌவால் முட்டை போடாது சார்"னான். அந்தப் பக்கப் பொய்யை இவன் இந்தப் பக்கத்துல இருந்து பிடிச்சிருக்கான். வகுப்பே கை தட்டுது. பலகைக்கு அந்தப் பக்கத்துல இருந்தும் கை தட்டுறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சத்தம் தாங்கலைன்னு தலைமையாசிரியருக்கு நான் எழுதிக் கொடுத்த புகார் இதுவரைக்கும் பதினொண்ணு. எல்லாமே முத்து முத்தான கையெழுத்து. எங்க தலைமையாசிரியருக்கு எல்லாரும் வெச்ச பேரு சுற்றறிக்கை. மழை வந்தா குடையை எங்கே வைக்கணும்னு கூட ஒரு சுற்றறிக்கை விடுவார். ஆனா என் புகாருக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கூட விட்டதில்ல. எல்லாத்தையும் டீச்சர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு, கோப்புல போட்டுட்டு, "பார்க்கலாம் சார்"னுடுவார்.

பன்னிரெண்டாவது வேற மாதிரி வந்துச்சு.

டீச்சரோட எட்டாம் வகுப்புல தையல்காரர் பொண்ணு ஒருத்தி. படிப்புல கெட்டி. போன பருவத்துல ஒரு நாள், "செடிங்க ராத்திரியில மூச்சு விடாது"ன்னு டீச்சர் அன்னிக்குப் பொய்யைச் சொல்லி முடிச்ச நேரம், இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் ஏறி, அவங்கப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டார். மிச்சப் பிள்ளைங்க பொய்யைப் பிடிச்சு, கோடு இழுத்து, சிரிச்சு முடிச்சாங்க. பொண்ணு பொய்யோட வீட்டுக்குப் போயிட்டா. நாலு நாள் கழிச்சு வந்தப்போ யாருக்கும் அது ஞாபகம் இல்ல. டீச்சருக்கும் இல்ல. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து நடந்த அறிவியல் போட்டியில அதே கேள்வி வந்துச்சு. பொண்ணு தைரியமா எழுதினா. ஒரே ஒரு மார்க்குல முதலிடம் போச்சு.

தையல்காரர் கழுத்துல டேப்பு தொங்க நேரா என்கிட்ட வந்தார்.

"சார், பள்ளிக்கூடத்துல வாத்தியாரே பொய் சொல்லித் தர்றாங்களாமே, இது எந்த ஊரு நியாயம்? எனக்கு அதிகாரிங்களுக்கு எழுதத் தெரியாது. நீங்கதான் எழுதித் தரணும்."

நியாயமா நான் அவரை டீச்சர்கிட்ட அனுப்பியிருக்கணும். அனுப்பல. என் வயித்தெரிச்சலுக்குத் தானா ஒரு வழி கிடைச்ச மாதிரி இருந்துச்சு. பேனா கையில வந்தா நான் சும்மாவும் இருக்க மாட்டேன். அவர் சொன்னது நாலு வரி. நான் எழுதினது ரெண்டு பக்கம். முடிவுல, என் கைச்சரக்கா, "இந்த ஆசிரியையின் வகுப்பில் எவரும் எதையும் கற்பதில்லை"ன்னு ஒரு வரியும் சேர்த்தேன். படிக்கறப்போ நல்லா இருந்துச்சு. அவர் கையெழுத்து போட்டு மேலிடத்துக்கு அனுப்பிட்டார்.

விஷயம் தெரிஞ்சதும் டீச்சர் தையல்கடைக்கே போனாங்க. "தப்பு என்னோடதுதாங்க, பொண்ணு மேல ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லியிருக்காங்க. அவர் தலை நிமிராம மிஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தாராம். அன்னியில இருந்து டீச்சர் ஒரு புது வழக்கம் கொண்டு வந்தாங்க. பாதியில யாரு வீட்டுக்குக் கிளம்பினாலும் அன்னிக்குப் பொய்யை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கையில கொடுத்துத்தான் அனுப்புவாங்க. பொய்ச் சீட்டு. ஆனா அந்தப் பொண்ணு மட்டும் மாறிப் போயிட்டா. ரெண்டு மாசமா கை தூக்கல. டீச்சர் சொல்றதை எழுதினா, வாயைத் திறக்கல. அதுதான் டீச்சரை அரிச்சுது.

அப்புறம் மேலிடத்துல இருந்து தகவல் வந்துச்சு. புதன்கிழமை கல்வித்துறை இன்ஸ்பெக்டர் அம்மா நேர்ல வந்து வகுப்பைப் பார்க்கறாங்க. தலைமையாசிரியர் டீச்சரை ஆசிரியர் அறையிலேயே நிறுத்தி வெச்சுச் சொன்னார்.

"அன்னிக்கு ஒரு பொய்யும் கூடாதும்மா. அவங்களுக்குப் பிடிக்கலேன்னா இந்தப் புதிர், விளையாட்டு எல்லாத்துக்கும் அன்னியோட முழுக்கு. பழைய மாதிரி நோட்ஸ்தான்."

"நோட்ஸ் சொல்றதுக்கு நான் எதுக்கு சார், ஒரு ரேடியோ போதுமே. அப்படி ஆச்சுன்னா எனக்கு வேற பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் எழுதிக் கொடுத்துடுங்க."

சொல்லிட்டு நோட்டுக் கட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. என்னைப் பார்க்கவே இல்ல. எனக்குச் சந்தோஷமா இருக்கணும்ல? ஒன்பது வருஷமா நான் கேட்ட அமைதி, தட்டுல வெச்சு வருது. ஏனோ அன்னிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனேன்.

புதன்கிழமை. என் பிள்ளைங்க விளையாட்டுப் பீரியடுக்கு மைதானத்துக்குப் போயிட்டாங்க. காலி வகுப்புல, பலகையில ஒரு கணு விழுந்த ஓட்டை இருக்கு, அதுல கண்ணை வெச்சேன். வயசுக்கு ஏத்த வேலை இல்லதான். இன்ஸ்பெக்டர் அம்மா கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. வாசல்ல தலைமையாசிரியர், கையில கைக்குட்டை. அன்னிக்குப் பாடம் இதயம்.

டீச்சர் நேரா நடத்தினாங்க. முந்தின நாள் பொய்யைப் பிடிச்ச பையன் அன்னிக்கு லீவு, பொய் இல்லாத பாடம்னு மத்த பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? அதுங்க வழக்கம் போல வேட்டையில இறங்கிடுச்சுங்க. இதயம் மார்புக்கு நடுவுல, கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்சு இருக்குன்னா, பத்து பேர் மார்புல கை வெச்சுப் பார்க்கறாங்க. நிமிஷத்துக்கு எழுபது எண்பது தடவை துடிக்கும்னா, ஒருத்தன் நாடியைப் பிடிக்க, இன்னொருத்தன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுறான். "எனக்குத் தொண்ணூத்தாறு வருது டீச்சர், இதுதானே பொய்?" "நீ இப்பத்தானேடா மாடிப்படி ஏறி ஓடி வந்தே?" இன்ஸ்பெக்டர் அம்மாவும் யாருக்கும் தெரியாம மேசைக்குக் கீழே தன் மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்தாங்க. நான் பார்த்துட்டேன்.

மணி அடிக்க அஞ்சு நிமிஷம். தலைமையாசிரியர் வாசல்ல இருந்து முடிங்க முடிங்கன்னு கையைச் சுத்துறார். டீச்சருக்குப் பதட்டம். "மீனுக்கு ரெண்டு அறை, தவளைக்கு நாலு, மனுஷனுக்கும் நாலு"ன்னு வேகமா சொல்லிட்டாங்க.

மூணு. தவளைக்கு மூணு. என் வாய் வரைக்கும் வந்துடுச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

ஒரு நிமிஷம் பக்கம் புரட்டுற சத்தம். அப்புறம் மூணாவது பெஞ்சுல ஒரு கை மெதுவா மேலே போச்சு. தையல்காரர் பொண்ணு.

"டீச்சர், தவளைக்கு மூணு அறை. அறுபத்தேழாம் பக்கம், ரெண்டாவது படம்."

இன்ஸ்பெக்டர் அம்மா முகம் மலர்ந்து போச்சு. "ஓ, இதுதான் இன்னைக்குப் பொய்யா? பிரமாதம்மா." தலைமையாசிரியருக்கு முதல்ல முகத்துல ரத்தம் வத்திடுச்சு. அந்தம்மா சிரிக்கறதைப் பார்த்ததும், எல்லாம் தன் ஏற்பாடுதான்னு அவரும் தலையை ஆட்ட ஆரம்பிச்சுட்டார். டீச்சரும் ஒரே ஒரு தலையாட்டு ஆட்டினா போதும். வகுப்பு பிழைச்சுது, விளையாட்டு பிழைச்சுது, அவங்களும் இங்கேயே இருக்கலாம். ஆட்டுங்கம்மான்னு நான் ஓட்டை வழியா வேண்டிக்கிட்டேன். சத்தியமா வேண்டிக்கிட்டேன்.

டீச்சர் அந்தப் பொண்ணையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"இல்லைங்க மேடம். இன்னைக்கு நான் பொய் எதுவும் வைக்கல. இது தப்பு. பதட்டத்துல நானே தெரியாம சொன்னது."

தலைமையாசிரியர் தலை பாதி ஆட்டுல நின்னுடுச்சு. முன் பெஞ்சுப் பொடியன் ஒருத்தன் மெதுவா கேட்டான்.

"டீச்சர், தப்புக்கும் சிவப்புச் சாக்பீஸ் உண்டா?"

"உண்டுடா. தப்புக்குத்தான் முதல்ல."

கரும்பலகை மூலையில, தன் கையாலேயே தவளைக்கு நாலு அறைன்னு எழுதினாங்க. பொண்ணு வந்து கோடு இழுத்தா. ஒரு கோடு போதும், அவ மூணு கோடு இழுத்தா. ரெண்டு மாசக் கணக்கு போல. அப்புறம் சாக்பீஸைப் பாவாடைப் பையில போட்டுக்கிட்டு, டீச்சரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னா.

"அப்ப நாளைக்குப் பொய் என்னோடது. நல்ல கஷ்டமா கொண்டு வரேன்."

டீச்சர் முகத்தைத் துடைக்கற மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எனக்கும் ஓட்டையில தூசு விழுந்த மாதிரி கண்ணு கரிச்சுது.

இன்ஸ்பெக்டர் அம்மா பதிவேட்டுல ரெண்டே வரி எழுதினாங்க. "தொடரலாம். பொய்ச் சீட்டு தவறாமல் கொடுக்கப்பட வேண்டும்." மறுநாளே தலைமையாசிரியர் சுற்றறிக்கை விட்டுட்டார், எல்லா ஆசிரியர்களும் நாளொன்றுக்கு ஒரு பொய் சொல்ல வேண்டும்னு. கணக்கு வாத்தியார் அதைப் படிச்சுட்டு, "எனக்கு ஒண்ணோட நிறுத்தறதுதான் கஷ்டம்"னார்.

கதை இதோட முடிஞ்சிருந்தா எனக்கு நல்லது. வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில நான் மட்டும் உக்காந்திருந்தேன். டீச்சர் வந்து என் முன்னால ஒரு காகிதத்தை வெச்சாங்க. தையல்காரர் அனுப்பின புகார். பதில் எழுதறதுக்காக இன்ஸ்பெக்டர் அம்மா அதை டீச்சர்கிட்டயே கொடுத்துட்டுப் போயிருக்காங்க. ரெண்டு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. அதே கையெழுத்துல பதினொரு புகாரைப் பார்த்தவங்களுக்கு இதை யாரு எழுதினதுன்னு சொல்லணுமா? கடைசி வரி மேல மட்டும் சிவப்புச் சாக்பீஸால ஒரு கோடு இழுத்திருந்துச்சு. எவரும் எதையும் கற்பதில்லை.

நான் தலை குனிஞ்சுக்கிட்டேன். திட்டினா வாங்கிக்கலாம்னு இருந்தேன். அவங்க திட்டல. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தாங்க.

"சார், ஒண்ணு கேட்கவா? தவளைக்கு எத்தனை அறை?"

"மூணு."

"மீனுக்கு?"

"ரெண்டு."

"வௌவால்?"

"முட்டை போடாது, குட்டிதான் போடும்."

"இலக்கண வாத்தியாருக்கு இதெல்லாம் யாரு சார் சொல்லிக் கொடுத்தது?"

டீச்சர் என் முன்னால மேசை மேல ஒரு சிவப்புச் சாக்பீஸ் துண்டை வெச்சுட்டு, மணி அடிச்சதும் எழுந்து வகுப்புக்குப் போயிட்டாங்க.