பலகை எடுத்த குழி

சாமி காவு கேட்டுச்சாம். என் தம்பி செத்ததுக்கு எல்லாரும் சொன்ன காரணம் அதுதான். இத்தனை வருசம் கழிச்சும் அந்த வார்த்தையக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போவுதுன்னு மலாக்கா டவுனே பேசிக்கிட்டு இருந்த சமயம். புக்கிட் பாருவுலேருந்து டவுனுக்குப் பெரிய தண்ணிக் குழாய் போட்டாங்க. ஒரு ஆள் உள்ள தவழ்ந்து போகலாம், அத்தாம் பெரிய குழாய். காஜா பேராங்குல எங்க வரிசை வீடுகள்ல பாதிப் பேரு அந்த வேலைக்குத்தான் போனோம். ஆம்பளைங்க குழி வெட்டுவாங்க, பொம்பளைங்க மண்ணுக் கூடையை மேல வாங்கிக் கொட்டுவோம். ரெண்டு ஆள் ஆழம். மண்ணு சரியாம இருக்க ரெண்டு பக்கமும் பலகை வச்சு, நடுவுல கட்டையால முட்டுக் கொடுப்பாங்க. அந்தப் பலகை இல்லேன்னா அது புதைகுழிதான். வெட்டுற எங்களுக்கும் தெரியும், வெட்டச் சொன்னவனுக்கும் தெரியும்.

பெரிய பெரிய ஆளுங்க வேலையைப் பாக்க வர்றாங்கன்னு ஒரு நாள் தகவல் வந்துச்சு. அவங்க ஏறி நிக்க மேடை கட்டணும், பலகை பத்தலை. எங்களை எல்லாம் வேலைக்குச் சேத்து மேய்க்கிறவரு மண்டோர். எங்க ஆளுதான், வாய் நிறையத் 'தங்கச்சி'ம்பாரு. அவரு என் புருசனைக் கூப்பிட்டாரு. "தம்பி, கோடிக் குழியில இருக்குற பலகையைப் புடுங்கிக் குடு. ரெண்டு நாள்தான், மறுபடி அடிச்சிக்கலாம்."

இவரு தலையைச் சொறிஞ்சாரு. "மழை பேஞ்சிருக்கே அண்ணே."

"உன்கிட்ட யோசனையா கேட்டேன்?"

இவரு கடப்பாரையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு. நான் பக்கத்துலதான் கூடையோட நின்னேன். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? ஒரு வார்த்தை பேசலை.

மறுநாள் காலையில பசியாறிட்டு என் தம்பி அந்தக் குழியில இறங்கினான். இருபத்தாறு வயசு, தை பொறந்தா கல்யாணம். "பலகை எங்க மாமா?"ன்னு என் புருசனைத்தான் கேட்டான். "மேடைக்குப் போயிருச்சுடா, சீக்கிரமா வெட்டிட்டு ஏறிடு"ன்னாரு இவரு. கொஞ்ச நேரத்துல ஒரு பக்கத்து மண்ணு அப்படியே வந்து அவன் மேல உக்காந்துருச்சு. பெருசா சத்தம்கூட இல்லை. முதல்ல குதிச்சதும் என் புருசன்தான். மண்வெட்டி பட்டுடுமோன்னு நகம் பேந்து ரத்தம் வர்ற வரைக்கும் வெறுங்கையாலயே தோண்டினாரு. எடுக்கும்போது அவன் வாயெல்லாம் மண்ணு.

மேடை மட்டும் நல்லாத்தான் நின்னுச்சு. சொன்ன நாள்ல வந்தாங்க, ஏறி நின்னாங்க, கை தட்டிக்கிட்டாங்க, போனாங்க.

அந்த வாரமே கண்ட்ராக்டர் ஒரு கெடா வாங்கிக் கொடுத்தாரு. பக்கத்துல ஒரு மரத்தடியில முனியாண்டி கல்லு ஒண்ணு இருக்கும். முனி நடமாடுற பாதையை வெட்டிட்டோம், அதான் ஒரு உசுரு வாங்கிட்டாருன்னு பூசாரி சொன்னாரு. கெடா வெட்டினாங்க, சோறாக்கிப் போட்டாங்க, எல்லாரும் தின்னாங்க. எங்கம்மாவே நம்பிட்டா. போன வெள்ளிக்கிழமை அவன் கறி தின்னான், அதான் இப்படின்னு பெத்த புள்ளை மேலயே பழியைப் போட்டா. அடப் பாவிங்களா! நான் சாமி கும்புடாதவ இல்லை. ஆனா முனியாண்டியாய்யா மேடைக்குப் பலகை கேட்டாரு?

எதிர்வீட்டுல ஒரு மலாக்காச் செட்டி இருந்தாரு, தச்சு வேலை. நாம கும்புடுற சாமியத்தான் அவரும் கும்புடுவாரு, பேச்சு மட்டும் மலாய். துக்கம் கேக்க வந்தவரு மலாயில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "குழிக்குப் பலகை அடிக்கலையா?" தமிழ் பேசுற ஒருத்தனும் கேக்காத கேள்வி. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

விசாரணைக்குக் கவர்மெண்டு தொரை வர்றாருன்னு தெரிஞ்சதும் மண்டோர் எங்க வீட்டுக்கு வந்தாரு. நான் போட்ட கோப்பியைக் குடிச்சுக்கிட்டே பேசினாரு.

"தங்கச்சி, பலகைன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, புடுங்கினது யாருன்னுதான் கேப்பாங்க. நான் வாயாலதானே சொன்னேன்? காகிதம் ஏதும் இருக்கா? உள்ள போறது உன் புருசன்தான். தம்பி போயிட்டான். இவரையும் அனுப்பிட்டு ரெண்டு புள்ளைங்களோட என்ன பண்ணுவே?"

அவரு சிரிச்ச சிரிப்பை இப்பவும் அறையணும் போல இருக்கு. சொன்னது ஒரு வாய், செஞ்சது ஒரு கை. வாய்க்கு ஒண்ணும் ஆவாது, கைதான் மாட்டும். இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் அவனுங்க எதையும் எழுதித் தர்றதில்லை. மண்டோருக்கு மேல கண்ட்ராக்டர், அவருக்கு மேல யாரோ. ஒருத்தன் கையிலயும் மண்ணு ஒட்டலை.

மண்டோர் போனதும், கையில துணி சுத்தியிருந்த என் புருசன் சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "உண்மையைச் சொல்லணும்னா சொல்லிடு. நான் உள்ள போறேன்." நான் மண்டோர் குடிச்ச கோப்பையைக் கழுவ எடுத்துட்டுப் போனேன்.

வேலை எடத்துக் கொட்டகையில மேசை போட்டு விசாரிச்சாங்க. வெள்ளைக்காரத் தொரை கேப்பாரு, எழுத்து வேலை பாக்குற கிராணி அதைத் தமிழ்ல சொல்லுவாரு. வரிசையா நின்ன எங்காளுங்க அத்தனை பேரும் ஒரே பாட்டு: "சாமி குத்தம் தொரை." என் முறை வந்துச்சு. செத்தவனோட அக்கான்னு தெரிஞ்சதும் தொரை எழுதுறதை நிறுத்திட்டு என்னையப் பாத்தாரு. நல்லா யோசிச்சுச் சொல்லச் சொன்னாரு. கொட்டகைக்கு வெளிய என் புருசன் நின்னாரு. தம்பி மூஞ்சி வந்துச்சு, புள்ளைங்க மூஞ்சி வந்துச்சு.

"சாமி காவு கேட்டுச்சு தொரை"ன்னேன். கிராணி எழுதினதுக்குக் கீழ கைநாட்டு வச்சேன்.

மறுநாள் அடுத்த குழி. மேடையைப் பிரிச்ச பலகை லோரியில ஏறி வேற எங்கயோ போயிருச்சு. மண்டோர் என் புருசனை உள்ள இறக்கிட்டாரு. எனக்குப் பொறுக்கலை. ஓடிப்போய் எல்லாரும் கேக்கவே கத்தினேன். "அண்ணே, பலகை அடிக்காம இவரை எறக்காதீங்க!"

அவரு கோவப்படக்கூட இல்லை. "ஏன் தங்கச்சி, உன் தம்பியை எடுத்தது சாமிதானே? நேத்து நீயே கைநாட்டு வச்சே. அப்புறம் பலகை எதுக்கு?"

குழிக்குள்ளேருந்து என் புருசன் கூடையை நீட்டினாரு. நான் குனிஞ்சு வாங்கினேன்.