சந்திரகாந்தி நிறமிட்ட துருக்கி

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த மயில்வாகனத்தின் தங்கை சந்திரகாந்தி. கல்யாணமான மறுவருடமே கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். கடையின் பின்கட்டில் துணி மடிப்பதும், அண்ணி லீலாவுக்கு அடுப்படியில் உதவுவதுமாக நாட்கள் போயின. சின்ன வயதில் அவள் தீட்டிய மயில் மட்டும் கடைப் பலகையில் இன்னும் பளிச்சென்று இருந்தது.

1909ஆம் ஆண்டு, அந்த மயிலைப் பார்த்துத்தான் ஷுக்ரி உள்ளே வந்தார். அடுத்த தெருவில் போட்டோ பிடிப்பவர். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துரை ஹாலோவே, வாலிபத்தில் ஓர் ஓவிய நண்பரோடு துருக்கி சுல்தானின் நாட்டைச் சுற்றியவர். நண்பர் அங்கே வரைந்த படங்களை ஷுக்ரி கண்ணாடித் தகடுகளில் எடுத்துக் கொடுத்திருந்தார். விளக்கின் முன் வைத்து, திரையில் பெரிதாக்கி, பதுளைச் சனங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது துரையின் ஆசை. எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் பூச ஆள் கிடைக்கவில்லை.

"அண்ணே, இந்த மயிலைப் போட்டது யாரு?"

"எந்தங்கச்சிதான். அதெல்லாம் பழைய கதை. இப்ப அவ கலர்ல கை வச்சா ஊர் என்ன பேசும்?"

பின்கட்டிலிருந்து லீலா குரல் கொடுத்தாள். "ஊரா நமக்குச் சோறு போடுது? வீட்டுக்குள்ள இருந்து செய்யுற வேலைதானே. செய்யட்டுங்க."

மயில்வாகனம் மறுக்காமல் கணக்கு நோட்டைப் புரட்டினான். ஷுக்ரி அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

சன்னல் வெளிச்சத்தில் சந்திரகாந்தி தகடுகளைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றில் கோப்பிக் கடையில் தலைப்பாகைக்காரர்கள் புகை பிடித்தார்கள். ஒன்றில் ஒருத்தி குழாயடியில் குடத்தோடு நின்றாள். துருக்கியில் லிசியா என்ற பழைய தேசத்துப் படத்தில், மலையின் முகத்திலேயே வீடு வீடாகக் குடைந்திருந்தார்கள். கதவு, உத்தரம், கூரை எல்லாம் கல். செத்தவர்களுக்குக் கட்டிய வீடுகளாம். அந்தப் பாறைக்குத் தான் அறிந்த மலையின் நிறத்தையே கொடுத்தாள். மழையில் நனைந்த கறுப்பு, இடுக்கெல்லாம் பாசிப் பச்சை.

தகடுகள் துரையிடம் போய்த் திரும்பி வந்தன. "மலையோட நெறம் தப்பாம் தங்கச்சி," என்றார் ஷுக்ரி சங்கடத்தோடு.

"போதும், திருப்பிக் குடுத்துரு," என்றான் அண்ணன்.

சந்திரகாந்திக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. "தப்புன்னா, எது சரின்னு அவரே வந்து சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தேவிட்டார். கடை முக்காலியில் உட்கார்ந்து, கதவு மறைவில் நின்றவளிடம் தோட்டத்தில் பழகிய தமிழில் சொன்னார். "அங்க கோடையில மழையே இல்ல அம்மா. பாசி இல்ல. பாறை வெயில்ல காஞ்சி, செங்கல் தூளும் சாம்பலும் கலந்த மாதிரி. அந்தி நேரம் பார்த்தா தங்கம்."

"தண்ணி எடுக்குற பொம்பளைக்கு என்ன நெறத்துல உடுப்புங்க?"

துரை தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஞாபகம் இல்லையே."

"அப்ப அது என் இஷ்டம்."

லீலா சிரித்துவிட்டாள். துரையும் சிரித்தார்.

பாறையை ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி பூசினாள். குழாயடிப் பெண்ணுக்கு மாம்பழ மஞ்சளில் முக்காடு போட்டாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் படம் காட்டிய அன்று, திரைக்கு மல் துணி கொடுத்தது மயில்வாகனம்தான். திரைக்குப் பின்புறம் பெண்களோடு அவளும் உட்கார்ந்தாள். செம்மலை எழும்பியதும், "எம்மாடி, கல்லுலயே வீடு!" என்று யாரோ கூவினார்கள். மஞ்சள் முக்காட்டுப் பெண்ணை இன்னொரு தரம் காட்டச் சொல்லிச் சனம் சத்தம் போட்டது. நிறமிட்டது யார் என்று துரை பெயர் சொல்லி அறிவித்தார். குனிந்தே இருந்த மயில்வாகனம் பக்கத்து ஆளிடம் மெல்லச் சொன்னான்: "எந்தங்கச்சி."

அதன்பிறகு ஷுக்ரி எடுத்த படங்களெல்லாம் பின்கட்டுக்கு வந்தன. இந்தியாவிலுள்ள சொந்த ஊருக்கு அனுப்பப் படம் பிடித்துக்கொள்ளத் தோட்டத்துச் சனம் ஞாயிறுதோறும் வரும். ஒருநாள் தெமோதரைத் தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் இராக்கம்மா தன் படத்தோடு நேரே அவளிடமே வந்துவிட்டாள்.

"எங்கிட்ட பட்டுச்சேலை இல்லீங்க. படத்துல மட்டும் அரக்குப் பட்டு கட்டிவிடுங்க. மருதையில எங்கம்மா பாத்து சந்தோசப்படணும்."

"சரிகை எப்படி வேணும்?"

இராக்கம்மா வெட்கத்தோடு கையை விரித்துக் காட்டினாள். "அகலமா."

சந்திரகாந்தி அகலமாகவே போட்டாள்.