பல்லுத் தெரிய ஒரு படம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை. மடுல்சீமைச் சந்தியில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் இரண்டு விளக்குகள் வந்தன. கொஞ்சம் பொறுத்துத்தான் அவற்றுக்குப் பின்னால் பஸ் வந்தது. நானும் அம்மாவும் ஏறினோம். பதுளைக்குப் போய் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டும் என்பது பயணத்தின் நோக்கம். அம்மா சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதை விளக்கியாக வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஃபோட்டோவில் யாரும் சிரிப்பதில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க டவுனிலிருந்து ஒருவர் தோட்டத்துக்கு வந்தாராம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துச் சுவரோரம் எல்லாரையும் நிறுத்தி எடுத்திருக்கிறார். அம்மாவும் கூட நின்ற சில பெண்களும் எதையோ பேசிச் சிரித்துவிட்டார்கள். பல் தெரிந்த படங்கள் ஆகாது என்று திரும்பி வந்தன. மறுபடி எடுக்கப் பசறைக்குப் போனதில் ஒரு நாள் பேர் போயிற்று. பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். கணக்கப்பிள்ளை பேர் போட்டால்தான் அன்றைக்கு வேலை செய்ததாகக் கணக்கு.

அதோடு லயத்தில் அது சட்டமாகிவிட்டது. படம் என்றால் வாயை மூடு, நேரே பார், கையைத் தொங்கப்போடு. என் சித்தப்பாவின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை, பெண், மேளக்காரர் எல்லாரும் பொலிஸில் ஆள் அடையாளம் காட்ட நிறுத்தியதுபோல நிற்பார்கள். இத்தனைக்கும் அம்மா சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். என் பழைய போனைத் தூக்கினால் போதும், அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விடும். போனும் தொட்ட பிறகு கொஞ்ச நேரம் யோசித்துத்தான் படம் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான். இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எதையும் படித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். ஒரு மாதமாக இணையத்தில் கேமராக்களைப் பற்றி வாசித்து, இருபது மெகாபிக்சலுக்குக் குறையக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பதை என் சம்பளமே முடிவு செய்துவிட்டது.

"அம்மே, கோஹெத யன்னே?" என்று எங்கே போவதாகக் கேட்டார் சிங்கள நடத்துநர்.

"பதுளைக்கு. மகன் ஃபோட்டோ மிஷின் வாங்கப் போறாரு" என்றார் அம்மா, பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி.

"அப்ப வரும்போது எனக்கும் ஒரு படம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் டிக்கெட் கிழித்தார்.

மடுல்சீமையிலிருந்து பதுளை நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தூரத்தைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். பசறை வரையில் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் லொறிக்கு நம் பஸ் வழிவிட வேண்டும், அல்லது லொறி நமக்கு விட வேண்டும். இரண்டு ஓட்டுநர்களும் கண்ணாலேயே பேசி முடிக்கும்வரை நாம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பசறையில் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றினார். அதைத் தாண்டியதும் நமுனுகுல மலை முழுசாக வெயிலில் நின்றது. பதுளையில் இறங்கியபோது எட்டே முக்கால். எனக்கு முதுகு வேர்த்துவிட்டது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து சைவக் கடையில் இரண்டிரண்டு தோசை, பால் விடாத பிளேன்டி. கடைகள் திறக்கட்டும் என்று கொஞ்சம் சுற்றினோம். ஒன்பதரைக்கு பசார் வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு போன் கடைக்குள் நுழைந்தோம்.

"கேமராவா அண்ணா? இப்ப யாரு கேக்குறாங்க" என்று சொல்லிக்கொண்டே விற்பனைப் பையன் ஒரு புதுக் கேமராப் பெட்டியைப் பிரித்தான். நாற்பத்தெட்டு மெகாபிக்சல், பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் நெஞ்சு துள்ளியது. நான் நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அம்மாவின் பக்கம் திருப்பினேன். அப்போது அவர் கடையின் ஏசி மெஷினைப் பார்த்து, "நம்ம ஊரு காத்தப் புடிச்சி இங்க அடைச்சி வச்சிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், வாயை மூடினார், கையைத் தொங்கப்போட்டார். அதன் பிறகுதான் 'க்ளிக்' என்றது.

திரையில் அடையாள அட்டை அம்மா. போதாததற்குப் பெரிதாக்கிப் பார்த்தால் முகம் தண்ணீரில் நனைந்த காகிதம் மாதிரி கலங்கித் தெரிந்தது. எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

"ஏன்டா, நல்லாத்தானே இருந்துச்சி. காது ரெண்டும் தெரிஞ்சிச்சே" என்றார் அம்மா.

விசாரித்ததில், அதே வீதியின் கடைசியில் பழைய கேமராக்கள் விற்கும் ஒரு ஸ்டூடியோ இருப்பதாகச் சொன்னார்கள். குறுகலான கடை. மூன்று தலைமுறையாகப் பதுளையில் வியாபாரம் செய்யும் குடும்பமாம். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. உள்ளே போனதும் அம்மா நேராகப் போய் நீலத் திரைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அது பாஸ்போர்ட் எடுக்கிறவங்களுக்கு" என்றார் முதலாளி.

"எதுக்கா இருந்தா என்னாங்க, மூஞ்சி ஒன்னுதானே."

நான் என் தேவையைச் சொன்னேன். முதலாளி சிரிக்காமல் கேட்டார். பிறகு கண்ணாடி அலுமாரியிலிருந்து இரண்டு கேமராக்களை எடுத்து மேசையில் துணி விரித்து வைத்தார். "மூஞ்சிக்கு நேரா தூக்காதீங்க தம்பி. நெஞ்சுகிட்ட வச்சி எடுங்க. பாதி அழுத்தி வச்சிட்டு, நேரம் வந்ததும் மீதிய அழுத்துங்க" என்றார். போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கவும் காட்டிக்கொடுத்தார். நம் பக்கத்து ஈரத்தில் லென்ஸுக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்குமாம். முதல் கேமராவில் பிடித்திருந்தது. அதை அவரே ஒதுக்கி வைத்தார்.

இரண்டாவது சுத்தம், பதினாறு மெகாபிக்சல், ஸூமும் நன்றாக இருந்தது. நான் எடுத்தேன். முதலாளி தன்னால் முடிந்த பகிடியெல்லாம் விட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கேமரா திரும்பும் திசையை மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார். அந்த நொடியில் வாய் பூட்டிக்கொள்ளும். மறுபடி மறுபடி எடுத்தும் அதே படம். எனக்குச் சலித்துவிட்டது. எந்த மெஷின் வாங்கினாலும் இதுதான் கிடைக்கப்போகிறது என்றால் எதற்கு இந்தப் பணம்?

"குடு இங்க. நான் ஒன்ன எடுக்கிறேன்" என்று அம்மா கேமராவைப் பிடுங்கினார்.

நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

அம்மா கேமராவுக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். "இந்தாளப் பாருங்க மொதலாளி! மாஸ்டர் வேல பாக்குறாரு, பெரட்டுல நிக்கிற மாதிரியே நிக்கிறாரு!"

குனிந்து பார்த்தேன். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. வாய் பசை போட்டதுபோல மூடியிருந்தது. சிரிக்கப் பார்த்தேன், உதடு கோணிக்கொண்டதே தவிர வரவில்லை. யாரும் எனக்குச் சொல்லித்தராமலே நானும் அப்படித்தான் நிற்கிறேன். அம்மாவால் தாங்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என் ராசா, மூச்சையாச்சும் விடுடா" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

'சடக்.'

சத்தம் பக்கத்திலிருந்து வந்தது. முதலாளியின் கையில், விளிம்பெல்லாம் கீறல் விழுந்த ஒரு வெள்ளி நிறக் கேமரா. கடையில் அவர் தினமும் பாவிப்பதாம். சின்னத் திரையைத் திருப்பிக் காட்டினார். கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, முழு வாயும் திறந்து என் அம்மா.

"இது எத்தன மெகாபிக்சல்?" என்று கேட்டேன். படித்த பழக்கம்.

"பத்து."

"பத்துதானா?"

"தம்பி, படத்த செவுரு அளவுக்கா ஒட்டப் போறீங்க?"

"ஒட்டுனா லயமே பயந்து ஓடிரும்" என்ற அம்மா, அப்போதுதான் திரையை நன்றாகப் பார்த்தார். முகம் மாறியது. "அழிச்சிருங்க மொதலாளி. பல்லு விழுந்த எடமெல்லாம் தெரியுது. நல்லாவா இருக்கு?"

இத்தனை தூரம் வந்தது அந்தப் படத்துக்குத்தான். ஆனால் முகம் அவருடையது. "அம்மா, வீட்டுக்குப் போற வரைக்கும் இருக்கட்டும். அங்க போய் அழிக்கச் சொன்னா அழிச்சிர்றேன்" என்றேன். முறைத்துக்கொண்டே கையிலிருந்த கேமராவை மேசையில் வைத்தார்.

அந்தக் கேமராவையே கேட்டேன். முதலாளி கொஞ்சம் தயங்கினார், பிறகு இரண்டு பேட்டரி, சார்ஜர், படம் இருந்த கார்டு எல்லாம் சேர்த்து இருபத்து நாலாயிரத்துக்குத் தந்தார். இறுக்கமாக மூடும் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கச் சொன்னார். என்னைப் போலத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பிறகு பாருங்கள். முதலில் அழுத்திப் பாருங்கள்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். இது வேறு பஸ், வேறு நடத்துநர். காலையில் படம் கேட்டவருக்கு நான் இன்னும் கடன். பசறை தாண்டியதும் ஜன்னலில் குளிர் வந்தது. அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "அதக் குடு."

அழிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார், செய்தேன். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண், மடியில் மரக்கறிப் பையோடு. அவளிடம் திரையை நீட்டினார். அவள் பார்த்ததும் தானும் சிரித்துவிட்டாள். "அக்கா, யாரு இது, நீங்களா? பாக்கிற எனக்கே சிரிப்பு வருது."

அம்மா கேமராவைத் திருப்பித் தந்தார். "ஐடின்டி கார்டுக்கு ஆகாது. வீட்டுல இருக்கட்டும்."

நாங்கள் லயத்தை அடைந்தபோது நாலரை. பதுளை நல்ல ஊர்தான். வெயில் இருக்கிறது, அகலமான தெரு இருக்கிறது, கேட்டது கிடைக்கிறது. ஆனால் அங்கே யாரும் நம்மை எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், நாங்கள் படியேறும் முன்பே சூழ்ந்துவிட்டார்கள். என் கையில் கேமராவைக் கண்டதும் குடங்கள் கீழே இறங்கின, முந்தானைகள் சரியாயின, ஒருவர் பக்கத்தில் ஒருவராக வரிசை நின்றாயிற்று. வாய்கள் மூடின.

நான் கேமராவை நெஞ்சோடு வைத்துப் பாதி அழுத்திக் காத்திருந்தேன். அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து, இடுப்பில் கைவைத்து அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"சிரிங்கடி! இன்னைக்கி ஞாயித்துக்கிழம. எவன் வந்து பேர வெட்டப் போறான்?"

மீதியை அழுத்தினேன்.