ஷீலான்னு பேரு வந்த கெர்னல்

சிபியூ பின்னாடி ஃபேன்ல இருந்து வர்ற சூட்டுக் காத்துல விரலைக் காய வச்சிருக்கீங்களா யாராச்சும்? லேசா தூசி கருகற வாசனையோட வருமே...

நாங்க காய வச்சிருக்கோம். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேல, ஒரு மாடியில இருந்த கம்ப்யூட்டர் சென்டர்ல. ஜூலை மாசம். ஜன்னலைத் திறந்தா மேகம் நேரா உள்ள வந்துரும்.

நானும் ரேவதியும் அங்க டீச்சருங்க. அவ பக்கத்துல ஜெகதளாங்கற ஊர்க்காரி, என்னை விட ரெண்டு வயசு சின்னவ. வாய்க்கு வாய் "அக்கா... அக்கா..."ம்பா.

சென்டர் சார் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாரு. "பெங்களூர்ல ஒரு கம்பெனியில லினக்ஸ் தெரிஞ்ச ஆள் ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. ரெண்டு பேரும் சொந்தமா கெர்னல் கம்பைல் பண்ணுங்க. சனிக்கிழமை பார்த்துட்டு ஒருத்தர் பேரை அனுப்பறேனுங்க."

கெர்னல்னா வேற ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல எந்திரிச்சு மத்ததையெல்லாம் எழுப்பி விடற ஆளு. ரெடிமேடா வர்றதை விட்டுட்டு, நமக்கு வேணும்கறதை மட்டும் எடுத்து நாமளே தச்சுக்கலாம். கடைசியில நம்ம பேரையும் ஒட்டிக்கலாம். பூட் ஆனா லாகின் ஸ்கிரீன்ல அந்தப் பேரு வரும். நான் 'ஷீலா'ன்னு போட்டேன். அவ ஊர்ப் பேரைப் போட்டா.

புதன்கிழமை அவளுது பூட் ஆயிருச்சு. கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து சரசரன்னு ஓடி, 'ஜெகதளா'ன்னு வந்து நின்னுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்... வயிறு எரிஞ்சுது.

என்னுது? பாதி ஓடும். அப்புறம் 'கெர்னல் பேனிக்'னு ஒரு வரி. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் பண்ண முடியலையாம், அதாவது ஹார்ட் டிஸ்கையே திறக்க முடியலையாம். அவ்வளவுதான், அசையாது. ரீஸ்டார்ட் பண்ணுனாலும் அதே இடம், அதே வரி.

எங்க ஊர்ல மெஷின் எது மக்கர் பண்ணுனாலும் ஒரே காரணம்தானுங்க... ஈரம். ரேடியோ கரகரன்னாலும் ஈரம், போட்டோ பூசணம் புடிச்சாலும் ஈரம். அதுக்கு வைத்தியமும் ஒண்ணுதான், அறுபது வாட்ஸ் பல்பு. நானும் சிபியூவைக் கழட்டி, ரேமை ரப்பர் வச்சுத் தேச்சு, பக்கத்துல பல்பைத் தொங்க விட்டுட்டு உக்காந்திருந்தேன். தப்பு என்னுதுன்னு ஒத்துக்கறதுக்குப் பதிலா மேகத்து மேல பழி போட்டேன்.

ரேவதி பின்னாடி வந்து எட்டிப் பார்த்தா. "அக்கா, அது ஈரம் இல்லீங்கக்கா. நீங்க செலக்ட் பண்ணுனதுல..."

"எனக்குத் தெரியும். நீ போய் உன் கிளாஸைப் பாரு."

வெடுக்குனு சொல்லிட்டு மானிட்டர் மேல கவரை இழுத்து மூடிட்டேன். சின்னப்புள்ள மாதிரி! முகம் வாடிப் போயி நகர்ந்துட்டா. எனக்கு அதுல ஒரு சந்தோஷம் வேற.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு அரை நாள் லீவ் போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். மனசெல்லாம் அந்த பேனிக்லயே. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு சர்க்கரை இல்லாத காபியைக் குடுத்து அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

சனிக்கிழமை காலையில சார் பக்கத்துல நிக்கறாரு, மெஷினை ஆன் பண்றேன். எழுத்து ஓடுது... வழக்கமா நிக்கற இடம் தாண்டுது... லாகின். 'ஷீலா'.

என் பேரு!

நான் எதையுமே மாத்தலையே. திரும்பிப் பார்த்தா ரேவதி அந்தக் கடைசி டேபிள்ல குனிஞ்சு என்னமோ எழுதிக்கிட்டிருக்கா.

"அட, வந்துருச்சே! எப்படிங்க சரி பண்ணுனீங்க?"ன்னு சார் கேட்டாரு.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னது என்ன தெரியுமா? "ஈரம்தான் சார். பல்பு போட்டேன்."

சார் என்னைப் பார்த்தாரு, பல்பைப் பார்த்தாரு. அப்புறம் ரேவதியைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டாரு. ஹார்ட் டிஸ்கைப் படிக்கற டிரைவரைக் கெர்னலுக்குள்ளயே வைக்காம தனியா அந்த டிஸ்க்லயே வச்சா, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டுன கதைதான் சார்னு பொறுமையா சொன்னா. "ஷீலாக்கா அதைச் சரி பண்ணிட்டு, சொல்லத் தெரியாம பல்புங்கறாங்க."

பெங்களூருக்கு அவ போனா.

இப்ப நான் கோத்தகிரி ரோட்டுல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கேன். அப்டேட் வந்தா கம்ப்யூட்டர் தானா அணையுது, தானா எந்திரிக்குது. டீ குடிச்சுட்டு வந்தா முடிஞ்சிருக்கும். எதுலயும் யார் பேரும் வர்றதில்ல.

போன மாசம் ஹெத்தை ஹப்பா பண்டிகைக்கு ஊருக்கு வந்த ரேவதி எங்க ஊட்டுக்கும் வந்தா. நல்ல கார், நல்ல வேலை, முகத்துல அதே சிரிப்பு. எம் பொண்ணு கேட்டுட்டா, "ஆன்ட்டி, அம்மாவுக்கு நெஜமாவே கம்ப்யூட்டர் நல்லா வருமா?"

"உங்கம்மா பேரு ஸ்கிரீன்ல வந்தப்ப நானே பார்த்தேன் கண்ணு"ன்னா.

எம் பொண்ணு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தா பாருங்க... இதுக்கு முன்னாடி அப்படிப் பார்த்ததே இல்ல. அந்தப் பேரை வரவச்சதே இந்த ஆன்ட்டிதான்டின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அதான் இங்க எழுதறேன். கார் மேல பொறாமை இல்லீங்க, வேலை மேலயும் இப்ப இல்ல.

ரேவதி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். தயவுசெஞ்சு போன் பண்ணாதே. எடுத்ததும் "பரவால்ல விடுங்கக்கா"ம்பே. அது எப்படிடி உனக்கு மட்டும் வருது?