வேலியில்லாத ஆறு

சனவரி மாதத்தில், யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு காலைப்பொழுதில், கோடையில் மரத்தடியில் படுப்பதற்கு இடம் பிடிக்கவேண்டும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இந்த நாட்டில் அது அப்படித்தான் நடக்கிறது. மாகாணப் பூங்காக்களில் முகாமடிக்க விரும்புகிறவர்கள் மாதக்கணக்காக முன்னதாகவே கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, தாம் ஒருநாளும் பார்த்திராத நிலத்துண்டு ஒன்றைத் தெரிவுசெய்கிறார்கள். ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்ற்றின் சாப்பாட்டு மேசையில், தேநீர் ஆறிப்போக, என் கணவரும் அப்படித்தான் இருந்தார். பூங்கா வரைபடத்திலிருந்த பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாகிக்கொண்டிருந்தன. சாம்பல் என்றால் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"ஆத்தங்கரை இடம் மட்டுந்தான் மிச்சமிருக்கு. அமத்தட்டே?" என்று கேட்டார்.

"தண்ணிக்குப் பக்கத்திலை வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"யோசிச்சு முடிக்கிறதுக்குள்ளை உதும் போயிடுமப்பா."

பொத்தானை அமத்திவிட்டார். அந்த நொடியிலிருந்து கோடைவரைக்கும் எனக்குச் சரியான நித்திரை இல்லை.

எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ஆரணிக்குப் பதினேழு வயது. அவளுக்கு ஓட்டிசம். பேச்சு மிகக் குறைவு. வேண்டியதற்கு ஒரு சொல், வேண்டாததற்கு ஒரு சொல், அவ்வளவுதான். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். குழாயைத் திறந்துவிட்டு அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரமும் நிற்பாள். மழை பெய்தால் பல்கணிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொள்வாள். வெளியே எங்காவது தண்ணீரைக் கண்டால் கையை உதறிவிட்டு ஓடுவாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. சின்னவள் நிலாவுக்குப் பன்னிரண்டு. முந்திய கோடை விடுமுறையில் எங்கே போனீர்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்றுகொண்டு, "அம்மா, வீ நெவர் கோ எனிவெயார்" என்றாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. உள்ளே ஆரணி குளியலறைக் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது. ஆரணிக்குப் பழக்கமில்லாத கழிப்பறைக்குள் போகமுடியாது. கூடாரமும் சரிவராது, அதற்குப் பூட்டு இல்லை. ஆகவே ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுப்பது என்று இவர் முடிவுசெய்தார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற நீளமான வீட்டு வாகனம். இவர் நகரப் பேருந்துச் சாரதி. "ஒவ்வொரு நாளும் பஸ் ஓடுறவனுக்கு உது ஒரு வேலையே?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"வாகனத்துக்கு ஆர் பயந்தது? எனக்கு அதின்ரை கதவுதான் பயம்."

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்கு நான் போய்வந்த இடைவெளியில் ஆரணி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நாங்கள் மாடி மாடியாகத் தேடினோம். அவள் பெருந்தெருவைத் தனியே கடந்துபோய், கார் கழுவுகிற இடத்தில், சுழலும் தூரிகைகளுக்கு முன்னால் நனைந்தபடி நின்றிருக்கிறாள். யாரோ பொலிசுக்கு அறிவித்திருக்கிறார்கள். நான் மூச்சிரைக்க ஓடிப்போனபோது ஓர் அதிகாரி அவளிடம் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை, தண்ணீரைத்தான் பார்த்தாள். அவர் நல்ல மனிதர், விளங்கியபிறகு தன் போர்வையைக்கூட எடுத்துக் கொடுத்தார். ஆனால் நான் வருவதற்கு முன்பிருந்த அந்தக் கணத்தை, பதில் சொல்லாத ஒரு பெரிய பிள்ளையும் சீருடையணிந்த ஒருவரும் எதிரெதிரே நின்ற அந்தக் கணத்தை, இன்றைக்கும் என்னால் நினைக்க முடிவதில்லை.

யாழ்ப்பாணத்தில் என்றால் இவள் தெரு ஒழுங்கையின் முடக்கைத் தாண்டமுதலே யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்திருப்பார்கள். இன்னாரின் பிள்ளை என்று சைக்கிளில் போகிறவனுக்கும் தெரிந்திருக்கும். அப்படி நினைத்து ஆறுதல்படும்போதே எங்கள் ஒழுங்கையிலிருந்த இன்னொரு வீடும் நினைவுக்கு வந்துவிடும். அங்கே இவளைப்போல ஒரு பெண் இருந்தாள். அவளுடைய தங்கையைப் பெண்பார்க்க ஆட்கள் வரும் நாளில் அவளைப் பின்னறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கதவைத் தட்டுகிற சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். யாரும் எதுவும் கேட்டதில்லை. இங்கே ஆரணிக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பெயர்சொல்லிக் கூப்பிடும் ஆசிரியை இருக்கிறார். ஆனால் தெருவில் அவளை யாருக்கும் தெரியாது. இரண்டு ஊரில் ஒன்றையும் முழுதாக நம்பமுடியாதவளாக நான் இருக்கிறேன்.

பனி உருகி முடிந்த ஒருநாள் பூங்கா அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். மறுமுனையில் உற்சாகமான ஒரு பெண்குரல்.

"எங்கள் இடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் வேலி இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லவே இல்லை!" என்றார் அவர். "பார்வையை மறைக்க எதுவுமே கிடையாது. கதவைத் திறந்தால் நேரே ஆறுதான். உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்."

"இல்லை, என் மகள் தண்ணீரைக் கண்டால் ஓடிவிடுவாள்."

"ஓ, என்ன வயது?"

"பதினேழு."

"அப்படியென்றால் நன்றாக நீந்துவாள், இல்லையா?"

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். விளங்கப்படுத்த முடியாத இடங்களில் நன்றி சொல்லி முடித்துக்கொள்வதற்கு இத்தனை வருடத்தில் பழகிவிட்டேன். ஒரு முழ நிலத்தையும் வேலி அடைக்காமல் விட்டுவைக்காத ஊரிலிருந்து வந்தவள் வேலி கேட்டால், இவர்களுக்கு அது காட்சியைக் கெடுக்கிற காரியமாகத் தெரிகிறது. அதைவிட, எங்கள் ஊரில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறே கிடையாது. ஆற்றங்கரையில் எப்படி இருப்பது என்று எனக்கு யாரும் காட்டித்தந்ததில்லை.

எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கிளாலிக் கடலேரி ஒன்றுதான். ஒன்பது வயதில், சண்டைக்குத் தப்பி ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, அதை வள்ளத்தில் கடந்தேன். இருட்டு, சனநெருக்கம், யாரும் கதைக்கக்கூடாது. அம்மா தன் சேலைத் தலைப்பை என் இடுப்பில் சுற்றித் தன் இடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டார். நான் விழாமல் இருப்பதற்கு என்று அப்போது நினைத்தேன். அம்மாவுக்கும் நீந்தத் தெரியாது என்பது வளர்ந்தபிறகுதான் என் மூளையில் உறைத்தது. அந்த முடிச்சு என்னைக் காப்பாற்றுவதற்கல்ல. போனால் தனியாகப் போகவிடுவதில்லை என்பதற்காக.

பயணத்துக்கு முந்திய வாரம், றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் மச்சாள், இவருடைய அக்கா, கூப்பிட்டார். "ஆரணியை எங்களிட்டை விட்டிட்டுப் போங்கோ. நான் வடிவாப் பாப்பன். நீங்களும் ஒருக்கால் நிம்மதியா இருந்திட்டு வாங்கோவன்." அன்பாகத்தான் சொன்னார். நான் ஓம் என்றுவிட்டேன். சொன்னவுடனே, மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இவருக்குச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "உமக்கு அதுதான் நிம்மதி எண்டால் சரி" என்றார். பிறகு சாப்பிடவில்லை.

அடுத்தநாள் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நிலா அறைக்குள் வந்தாள்.

"ஏன் அக்காவின்ரை உடுப்பு பாக்கை மட்டும் தனிய வைச்சிருக்கிறீங்கள்?"

"அக்கா மாமியோடை நிக்கப்போறா."

"வட்? நோ! அக்கா வராட்டி நானும் வரேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. "நீதானே சொன்னாய், அக்காவாலை ஒரு இடமும் போறேல்லை எண்டு."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா." அவள் கண் கலங்கிவிட்டது. "வீ நெவர் கோ எண்டுதான் சொன்னனான். வீ எண்டால் அக்காவும்தானே."

உடுப்புக் குவியலுக்கு நடுவில் அப்படியே இருந்துவிட்டேன். பிள்ளை சொன்ன ஒரு சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு தடவைகூட நான் அவளிடம் கேட்டுப் பார்க்கவில்லை. மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்து, ஆரணி எங்களோடு வருகிறாள் என்றேன். "உனக்கென்ன விசரே?" என்றார். இருக்கலாம் என்றேன்.

இவர் வாகனத்தின் கதவுக்கு, திறந்தவுடன் அலறுகிற ஒரு மணியைப் பூட்டினார். மிதவைச் சட்டை வாங்கினோம். ஒருவர் மாறி ஒருவர் காவல் இருப்பது என்று பேசிக்கொண்டோம். யூலையின் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பெரிய வாகனம் மரங்களுக்கிடையில் மெல்ல ஊர்ந்து எங்கள் இடத்தில் போய் நின்றது. கதவைத் திறந்தால் நேரே ஆறுதான். அகலமாக, பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஆரணி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாகனத்துக்குள் இருந்த பாத்திரம் கழுவும் சின்னத் தொட்டியின் குழாயைக் கண்டுபிடித்துவிட்டாள். திறந்துவிட்டு, நூல்போல விழுகிற தண்ணீருக்குள் விரலை வைத்து வைத்து எடுத்தாள். நான் கதவில் முதுகை வைத்துக் காவல் நின்றேன். அவளுக்கு வெளியே வரும் எண்ணமே இல்லை. மத்தியானம் பின்னேரமாகியது. வெளியே நிலா தகப்பனோடு கல்லெறிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன நடந்ததோ தெரியாது, "ஆரணி, அங்கை பாரம்மா, ஆறு! எவ்வளவு தண்ணி!" என்று கெஞ்சத் தொடங்கினேன். ஆறு மாதம் எதற்குப் பயந்து செத்தேனோ, அதையே அவளுக்குக் கைகாட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் வாகனத்தின் தாங்கியில் தண்ணீர் முடிந்தது. குழாய் இருமி, துப்பி, நின்றது. ஆரணி அதைத் தட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தானாகவே என் கையைப் பிடித்தாள். மிதவைச் சட்டையைப் போடவிட்டாள். மணி அலற அலற இருவரும் படியிறங்கினோம்.

அவள் ஓடவில்லை. நடந்தாள். கரையோரம் வந்து நின்று, ஒரு காலை வைத்துப் பார்த்து, மற்றக் காலையும் வைத்தாள். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் வந்தது. நான் செருப்போடேயே இறங்கி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். மற்றப் பக்கம் இவர் வந்து நின்றார், நிலா முன்னால் நின்றாள். கொஞ்சம் தள்ளி, முழங்கால்வரை நீரில் மடக்குக் கதிரை போட்டு ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, வழமையான அந்தக் கேள்வியைக் கேட்டார். "நீங்கள் எல்லோரும் எங்கேயிருந்து?"

"யாழ்ப்பாணம்" என்றேன் நான். "ஸ்காபரோ" என்றாள் நிலா. இரண்டும் ஒரே நேரத்தில் வாயிலிருந்து வந்துவிட்டன. அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு மாறாமல், குனிந்து நின்ற ஆரணியிடம் திரும்பி, "நீ எங்கேயிருந்து, கண்ணே?" என்றார்.

"தண்ணி" என்றாள் ஆரணி.

"தானி?" அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "அப்படியொரு இடத்தை நான் கேள்விப்பட்டதேயில்லை. அது இங்கிருந்து அதிக தூரமா?"

நாங்கள் நால்வரும் கணுக்கால்வரை அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தோம்.