கொத்தாத கொத்து

சாப்பாட்டுக் கடை வைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஓவனில் வேகிறது சாப்பாடு மட்டுமில்லை, நாங்களும்தான். தெருவுக்குத் தெரு கொத்து ரொட்டி விற்கிற கொழும்புக் கொட்டாஞ்சேனையில், நான் இத்தாலிக்காரரின் லசானியா மட்டும் விற்றவன். போர்டில் அந்த ஒரு பெயர்தான். கையில் இருந்த எல்லாவற்றையும் அந்த ஓவனில் போட்டிருந்தேன். அது அணைந்தால் நானும் அணைந்தேன்.

வெறும் ராக்கை

இறைச்சிக்கும் சீஸுக்கும் நடுவில் அடுக்குகிற மாத்தகடு வெளிநாட்டிலிருந்துதான் வரும். டொலர் இல்லாமல் நாடு தவித்த வருஷம் அது நின்றுபோனது. ஒருகொடவத்தையில் ஸ்டோர் வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் ஓடினேன். எத்தனையோ தடவை பேரம் பேசி அவரை அழவைத்தவன் நான். அன்றைக்குப் பேசச் சாமானே இல்லை. "ஒளிச்சு வைச்சிருக்கிறீங்க!" என்று மேசையில் அடித்தேன். அவர் ஸ்டோர் கதவைத் திறந்து, சாமான் அடுக்குகிற ராக்கைகள் வெறுமையாகக் கிடந்ததைக் காட்டினார். "பலன்ன மல்லி, பாருங்க தம்பி, எலியும் போயிட்டு."

கோதம்ப ரொட்டி

கடையைப் பூட்ட மனம் வரவில்லை. கொத்துக் கடையில், கொத்துவதற்கென்று மெல்லிசாகச் சுட்டு வைத்த கோதம்ப ரொட்டியை வாங்கி, தகட்டுக்குப் பதிலாக அடுக்கினேன். சீஸ் உருகிப் பொன்னிறமாக வந்தது. முதல் பெட்டியை வாங்கியவர் ஒரு துறைமுகக் கிளார்க், சனிக்கிழமை தவறாமல் வருகிறவர். வாசலிலேயே ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீர் இதைக் கொத்த மறந்திட்டீர். இது கொத்தாத கொத்து."

அவரோடு வாய்ச்சண்டை போட்டு அனுப்பினேன். அவர் பிறகு வரவில்லை, அவர் வைத்த பெயர் வந்தது. அடுத்த கிழமை முன்பின் தெரியாத ஒருத்தன் எட்டிப்பார்த்துக் கேட்டான்: "அண்ணே, அந்தக் கொத்தாத கொத்து இருக்கா?"

ரீச்சர் வீடு

வெள்ளவத்தையில் ஒரு பிறந்தநாள் ஓடர். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ரீச்சர், சைவ வீடு. இறைச்சியும் கூடாது, முட்டையும் கூடாது. பலாக்காய்க் கறியை அடுக்கினேன். சீஸும் கிடைக்காததால் தேங்காய்ப் பாலைத் தடிப்பாகக் காய்ச்சி ஊற்றினேன். ரீச்சர் மூடியைத் திறந்து பார்த்து, "பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது லசானியா எல்லோ?" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அடுக்கினால் லசானியாதான் ரீச்சர், உள்ளுக்கு என்ன இருந்தா என்ன?" என்றேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. "அப்பிடியெண்டா என்ரை அலுமாரியும் லசானியாதான் தம்பி."

இத்தாலி அக்கா

வாடிக்கை குறைந்துகொண்டே போனது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். இத்தாலியில் பல வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சனம் நம்பும் என்று, ஒரு பெட்டியைச் சும்மா கொடுத்து, "இது லசானியாதான் என்று நாலு பேருக்குச் சொல்லுங்க அக்கா" என்று நெருக்கினேன். பெட்டியை மடியில் வைத்து மூடியைத் திறந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் சொன்னார்: "தெரியாது தம்பி. ஒவ்வொரு ஞாயிறும் அவங்களுக்கு அடுக்கிக் குடுத்தனான். எனக்கு மிச்சம் வந்ததில்லை."

கடைசி வாடிக்கை

பிறகு அடுப்புக்குக் காஸ் சிலிண்டரும் இல்லை. போர்டைக் கழற்றினேன். ஓவனை எடுக்க வந்தவன் சொன்ன விலைக்கே தலையாட்டினேன். பேரம் பேச அன்றைக்குத் தெம்பில்லை. அவன் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுக் கேட்டான்: "இதுக்குள்ள என்னண்ணே சுட்டீங்க?"

இப்போது சோற்றுப் பார்சல் கட்டி விற்கிறேன். இது சோறுதானா என்று இன்னும் ஒருத்தரும் கேட்கவில்லை.